நத்தைக் கதை வாசித்த தையல்காரி

துணிக்கடையின் பின்னறையில் பேன்ட் நீளம் குறைக்கிற வேலை அவளுக்கு. கை மெஷினுக்கு ஈடாக ஓடும்; வாய்தான் பாதி வழியில் நின்றுவிடும். சின்ன வயசிலிருந்தே திக்குவாய். அதிலும் 'ந' அவளுக்கு ஜென்ம விரோதி. 'நாளைக்கு' என்று சொல்ல முடியாமல் 'விடிஞ்சதும்' என்பாள். 'நல்லாயிருக்கு' என்பதை 'அருமை' என்று மாற்றிவிடுவாள். இப்படிச் சந்துபொந்தெல்லாம் புகுந்து புறப்பட்டே பாதி ஆயுசை ஓட்டியிருந்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு உயிரான புத்தகம் ஒரு நத்தைக் கதை. பள்ளியில் பரிசாகக் கிடைத்த படக்கதை. தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்குப் போக ஆசைப்பட்டு ஒரு நத்தை கிளம்பும். மழையில் வழுக்கும், காக்கா கேலி பண்ணும், அது பாட்டுக்கு மறுபடி ஏறும். சோர்ந்துபோகிற நாளில் அவள் அதைத்தான் எடுத்துப் பிரிப்பாள். மகளுக்குப் படுக்கையில் கிசுகிசுவென்று வாசித்தும் காட்டுவாள். கிசுகிசுத்தால் அவளுக்குத் திக்காது.

இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் ஒருநாள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை கதை சொல்ல நீ வர்றேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

அவளிடம் இருந்ததோ அந்த நத்தைக் கதைதான்; அதில் வரிக்கு வரி 'ந'. பஸ் ஓட்டுகிற கணவன் யோசித்துவிட்டு, "நத்தைக்குப் பதிலா எறும்புன்னு மாத்திடேன்," என்றான்.

"படத்துல இருக்கிறது என்னன்னு பி... பிள்ளைங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப நான் போறேன்."

"ஐயோ, அப்பா படிச்சா தூக்கம் வரும்," என்றாள் மகள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடே, "நா... நானே போறேன்," என்றாள்.

அன்றிலிருந்து மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டு வாசித்துப் பழகினாள். திக்கத்தான் செய்தது. அவளும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பறையில், சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கிசுகிசுப்பாக ஆரம்பித்தாள்.

"கேக்கலை டீச்சர்!" என்றது கடைசி வரிசை.

வேறு வழியில்லை. குரலை உயர்த்தினாள். "ஒரு ஊர்ல ஒரு ந... ந... ந..."

தாடை இறுகிக்கொண்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "நத்தை!" என்று முன்வரிசைப் பிள்ளை எடுத்துக் கொடுத்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

டீச்சர் மெல்ல அருகில் வந்தார். "மிச்சத்தை நான் படிக்கட்டுமாங்க?"

"வேண்டாம் டீச்சர். லே... லேட்டாகும். ஆனா முடிச்சிடுவேன்."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். பக்கத்துக்குப் பக்கம் நத்தை. பக்கத்துக்குப் பக்கம் அவளும் நின்று, மூச்சு வாங்கி, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது, இன்னொன்று தூங்கியே போனது. மழையில் நத்தை சறுக்கிய இடத்தில் மட்டும் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மணி அடித்த பிறகுதான் கதை முடிந்தது. அதுவரை யாரும் பையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மகள், "எனக்கு வெக்கமா இருந்துச்சும்மா," என்றாள்.

"எனக்கும்தான்டி."

"அப்புறம் காக்கா வந்துச்சுல்ல? அப்ப மறந்துட்டேன்."

அவளும் அந்த இடத்தில்தான் மறந்திருந்தாள். மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் முதலாளி முன்னால் போய் நின்றாள். முன்கடையில் வாடிக்கையாளருக்கு அளவெடுக்கிற வேலை காலியாக இருந்தது.

"அங்க நாள் முழுக்கப் பேசணுமேம்மா?" என்றார் அவர்.

"பேசுவேன் சார். கொ... கொஞ்சம் பொறுத்துக் கேக்கணும், அவ்வளவுதான்."

அரைமனதாகத்தான் கொடுத்தார். திக்கு இன்னும் போகவில்லை. அவசரக்காரர்கள் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள், சிலர் அவள் வாக்கியத்தைத் தாங்களே முடிக்கப் பார்க்கிறார்கள். அவள் கழுத்தில் டேப்போடு, சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட்டே குனிந்து அளவெடுக்கிறாள். பள்ளியில் இன்னொரு வெள்ளிக்கிழமைக்கும் பெயர் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை யானைக் கதை. சாயங்காலமானால் வீட்டில் சத்தமாக ஒத்திகை நடக்கிறது. கணவன் டிவியை அணைத்துவிட்டுக் கேட்கிறான்.