முடிவைக் கேட்காத அக்கா

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் பக்கப் பார்வையைச் சோதிக்கும் கருவியை இயக்குவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வெள்ளைக் கோட்டைப் பெருமையாகவே மாட்டிக்கொள்வேன்.

அந்த அக்கா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடிப்பட்டியிலிருந்து வருவார். கண் நீர் அழுத்த நோயில் இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் நடுப்பார்வை மட்டும்தான் மிச்சம். அதனால் யாரோடு பேசினாலும் முகத்தை முழுதாக எதிரில் இருப்பவர் பக்கம் திருப்புவார். அத்தனை கவனமாக என்னை வேறு யாரும் பார்த்ததில்லை.

ஒருமுறை மீசைக்காரத் தம்பியை இழுத்து வந்தார். கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரலாம்.

"எனக்கு நல்லாத்தானக்கா தெரியுது!"

"எனக்கும் நல்லாத்தாண்டா தெரிஞ்சுச்சு. உள்ள போ."

தம்பிக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், அக்கா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒங்களுக்கு என்னக்கா சொன்னாரு?" என்றேன்.

"நான் கேக்கலம்மா. மருந்த மாத்தணும்னா மாத்துங்க, வெவரம் வேணாம்னுட்டேன். நல்லாருக்குன்னா மருந்து ஊத்த மறந்துருவேன். மோசம்னா அழுவேன், ஊத்துன மருந்தும் சேந்து ஓடிரும்."

பரீட்சை முடிவு வரும் நாளில் பேப்பர்க் கடை திறக்கும் முன்பே போய் நின்றவள் நான். மிச்சப் பார்வை நிற்குமா போகுமா என்று கேட்காமல் எப்படி ஒருவரால் வீட்டுக்குப் போக முடியும்? அவரோ படியிறங்கிக்கொண்டே சொன்னார்: "அடுத்து கல்லுப்பட்டித் தங்கச்சிய இழுத்துட்டு வாரேன். அவ இவன விட அடம்."