மடி ஜலம்

எங்கள் அடுக்களைக்குள் குளிக்காத ஒரு ஜீவன் கால் வைத்ததில்லை. கிழக்கேகோட்டையில், கோயிலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. முன்கட்டில் எங்கள் மெஸ், பின்கட்டில் நாங்கள்; இரண்டுக்கும் ஒரே அடுக்களை, சமைப்பது நான். விடியற்காலையில் மாமனார் கிணற்றடியில் குளித்து, ஈர வேட்டியோடு தன் கையாலேயே நீர் இறைத்துச் செப்புத் தவலையை நிரப்புவார். அதுதான் மடி ஜலம். அது வந்த பிறகுதான் நான் அடுப்பு மூட்டலாம். குடிக்க, மோர் கரைக்க, சட்னி அரைக்க, எல்லாவற்றுக்கும் அதுவேதான். குழாய்த் தண்ணீரில் பாத்திரம்கூடக் கழுவக்கூடாது. "எங்கெங்கே பூந்து வரதோ, யாரு கண்டா?" என்பார்.

அதனால் உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாங்கோ, நன்னாப் பாருங்கோ என்று நானே கதவைத் திறந்துவிட்டேன். வந்தது ஓர் இளம்பெண் அதிகாரி. அரிவாள்மணையைப் பார்த்தாள், ஃபிரிட்ஜைத் திறந்தாள், எண்ணெய்ச் சட்டியை முகர்ந்தாள், என் நகத்தைக்கூட விடவில்லை. "தரையிலேயே சாதத்தைப் போட்டுச் சாப்பிடலாம் மேடம்" என்று பின்னாலேயே பேசிக்கொண்டு போனேன். அவளும் "சுத்தமாத்தான் இருக்கு சேச்சி" என்றாள். அத்தோடு போயிருக்கலாம்.

"குடிக்கான் திளப்பிச்ச வெள்ளம் இல்லே?"

கொதிக்க வைத்த தண்ணீர் இல்லையா என்று மலையாளத்தில் கேட்கிறாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இது மடி ஜலமாக்கும். இதைப் போய் யாராவது காய்ச்சுவாளா?" என்றேன். அவள் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த லாட்ஜையும் பார்த்தாள். ஒரு பாட்டிலில் கிணற்று நீரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்போது பின்கட்டில் என் பெண் மஞ்சள் காமாலையோடு படுத்திருந்தாள். இரண்டாவது தடவை. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆபீஸ் கேன்டீனும் தெருவோரத் தட்டுக்கடை பரோட்டாவும்தான் காரணம் என்று வீடே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. "சத்தியமா இல்லம்மா. வெளியில பச்சத்தண்ணி குடிச்சதில்லை" என்று அவள் அழுதது யார் காதிலும் ஏறவில்லை. எழுந்து நடமாடியதும் வேலையை விட்டுவிட வேண்டியது என்று மாமனார் முடிவு கட்டினார். ஆபீசிலோ எத்தனை நாள்தான் காத்திருப்போம் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த வேலைதான் அவளுக்கு உயிர். "நம்மாத்துக் கிணத்து ஜலத்தைக் குடி, உடம்பு தானாத் தேறும்" என்று மாமனார் சொல்ல, நானும் தவலையிலிருந்து டம்ளர் டம்ளராக மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து அதே அதிகாரி வந்தாள். கிணற்று நீரில் மலக்கிருமி இருக்கிறது என்றாள். லாட்ஜின் செப்டிக் டேங்க் மதிலுக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறதாம். வேறு தண்ணீருக்கு ஏற்பாடு செய்யும்வரை மெஸ்ஸை மூடச் சொன்னாள். "எங்க கிணத்தைச் சொல்ல இவ யாரு?" என்று மாமனார் குதித்தார். நான் தவலையைத் திரும்பிப் பார்த்தேன். பெண் வெளியில் ஒன்றும் சாப்பிட்டதில்லைதான். சாப்பாடு நான் கட்டிக் கொடுத்தது. தண்ணீர் பாட்டிலையும் அந்தத் தவலையிலிருந்துதான் தினமும் நிரப்பிக் கொடுத்தேன்.

அன்றைக்கே குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தளதளவென்று காய்ச்சிப் பெண்ணுக்குக் கொடுத்தேன்; வீட்டுக்கும் அதுவே, தவலை ஜலம் பூஜைக்கு மட்டும் என்றாக்கினேன். மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நிறுத்தட்டுமே! கொஞ்சம் கொஞ்சமாக அவள் கண்ணில் மஞ்சள் இறங்கியது. இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மாமனார் மட்டும் பிடிவாதத்தைத் தளர்த்தவில்லை. வெளிச் சாப்பாடுதான் வினை, வேலை வேண்டாம் என்றால் வேண்டாம்.

மெஸ்ஸின் கல்லாவில் உட்காருகிறவர் என் மைத்துனர், கணவரின் அண்ணா. ஒருநாள் சாயங்காலம் அவர் துள்ளிக்கொண்டு வந்தார். "மேலிடத்துல பேசியாச்சு. நாளைக்குக் கடை திறக்கறோம். பேருக்கு அடுக்களையில ஒரு குழாயைப் போட்டுக் காட்டினாப் போறும். சமையல் வழக்கம்போல நம்ம ஜலத்துலதான்."

என் கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எந்த விவகாரம் வந்தாலும் அவருக்கு அந்த மின்விசிறி உண்டு.

"நான் அடுப்பு மூட்ட மாட்டேன்" என்றேன்.

"என்ன சொன்னே?"

"காது கேட்டிருக்குமே அண்ணா. இந்த ஜலத்துல இனிமே ஒரு பருக்கை வேகாது."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நான் குரலை உயர்த்தியதில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. லாட்ஜ்காரன் சதி என்றார், அந்த அதிகாரிக்கு எங்கள் தெருவைக் கண்டாலே ஆகாது என்றார். பொம்மனாட்டிகள் பேச ஆரம்பித்தால் இப்படித்தான் என்றார். கடைசியில், "அமிர்தமாட்டமா இருக்கு நம்ம ஜலம்" என்றார்.

பேச்சை வளர்த்துவானேன்? ஒரு டம்ளரை எடுத்துத் தவலையில் மொண்டு அவர் எதிரில் வைத்தேன்.

"அமிர்தம்தானே? குடிங்கோ."

"இதென்ன குழந்தையாட்டம்?"

"குடிங்கோ அண்ணா. ஊருக்கெல்லாம் ஊத்தப் போறேளே, ஒரு வாய் நீங்க குடிச்சுக் காட்டுங்கோ."

"எனக்குத் தாகமில்லே" என்றார்.

ஊஞ்சலில் இருந்த மாமனாருக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு ஒரு கள்ளமும் கிடையாது. அந்தக் கிணற்றை நிஜமாகவே நம்பியவர். "இங்கே கொண்டா, நான் குடிக்கறேன்" என்று எழுந்து வந்து டம்ளரை எடுத்தார். அண்ணாந்து வாயருகே கொண்டுபோனார்.

"அப்பா, வேண்டாம்பா!"

மைத்துனர் பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். டம்ளர் உருண்டது. மாமனாரின் வேட்டியெல்லாம் தண்ணீர்.

மாமனார் பெரிய பிள்ளையையே பார்த்தார். "ஏண்டா தட்டிவிட்டே?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடியும், "சொல்லேண்டா, ஏன்?" என்றார்.

நான் திரும்பினேன். நிலைப்படியில் என் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை நீ ஆபீசுக்குப் போறே. யாரு தடுக்கறான்னு நான் பார்க்கறேன்" என்றேன்.