இரண்டு கொடிமேடையும் ஒரு லேத்தும்

பேட்டையில் லாரியை நிறுத்துகிறேன். ஒரு பட்டறையில் மிச்சமிருக்கும் கடைசி லேத்து மெஷினைக் கோயம்புத்தூருக்கு ஏற்ற வேண்டும். சந்துக்குள் லாரி நுழையவில்லை. முனையில் இந்தப் பக்கம் ஒரு கட்சியின் கொடிமேடை, அந்தப் பக்கம் எதிர்க்கட்சியின் கொடிமேடை. இரண்டும் புதுப் பெயிண்டில் பளபளக்கின்றன.

"அவங்க இடிக்கட்டும், நாங்களும் இடிச்சிருதோம்" என்கிறார் டீக்கடையில் இருக்கும் கட்சிக்காரர். பக்கத்தில் இருக்கும் எதிர்க்கட்சிக்காரரும் அதையே சொல்கிறார்.

பட்டறைக்கார அண்ணாச்சி என்னிடம் சிரிக்கிறார். "இருவது வருசமா இதான் பாட்டு. கரண்டு போனா அவன் ஆட்சி, ஆர்டர் போனா இவன் ஆட்சி. ரெண்டு பேரும் மாறி மாறி வந்தாங்க, தொழில்தான் வரல."

வேறு வழியில்லை. இரும்புக் குழாய்களை அடியில் போட்டு லேத்தைத் தெருமுனைக்கு உருட்டுகிறோம். ஆள் போதவில்லை. கட்சிக்காரர்கள் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தோள் கொடுக்கிறார்கள்.

"ஏலே, பைய தள்ளுங்க. நாட்டைக் கீழ போட்ட மாதிரி இதையும் போட்டுராதிய" என்கிறார் அண்ணாச்சி.

எல்லோரும் சிரிக்கிறோம், அவர்கள் இருவரும்கூட. லேத்து பத்திரமாக லாரியில் ஏறுகிறது.

அண்ணாச்சி பட்டறையைப் பூட்டிவிட்டு, ஒரு துணிப்பையோடு வந்து என் பக்கத்து சீட்டில் ஏறுகிறார். லேத்தை வாங்கியவரிடமே வேலைக்குப் போகிறாராம். அதே லேத்தில், சம்பளத்துக்கு.

வண்டியை எடுக்கிறேன். கட்சிக்காரர்கள் இருவரும் ஒரே குரலில் கத்துகிறார்கள்.

"அண்ணாச்சி, ஓட்டுப் போட வந்துருங்க!"