பெங்களூரில் மூன்று மாதம்

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சாமை விதைத்துப் பிழைத்த வேடியப்பனின் மகன் தர்மன். அந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அதற்கும் மேலே போய், சென்னையில் வேதியியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

"புள்ள இன்னா படிக்குது?" என்று யாராவது கேட்டால், "ஆசிட்டத் தொடாமலே ஆசிட்டப் படிக்கிறானாம். எல்லாம் கணக்குதானாம்" என்பார் வேடியப்பன்.

அது உண்மைதான். எறும்பு கடித்தால் சுரீரென்கிறதே, அந்த அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவன் வேலை. சென்னையில் இருந்த கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைத் தாங்கவில்லை. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் வெளி மாணவர்கள் சிலரை மூன்று மாதம் சேர்த்துக்கொண்டு தன் பெரிய கம்ப்யூட்டரைப் பயன்படுத்த விடும். எண்பத்தேழில் அந்த இடம் தர்மனுக்குக் கிடைத்தது. ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய ப்ரோகிராமைக் காந்த நாடாவில் ஏற்றி முன்கூட்டியே அனுப்பிவைத்தான். திங்கட்கிழமை காலையில் அவன் அங்கே இருக்க வேண்டும். வராதவர் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

போவதற்கு முன் தங்கை சின்னப்பொண்ணின் கல்யாணத்துக்காக மலையேறினான். தாலி கட்டி முடிந்த கையோடு செய்தி வந்தது. கீழே சமவெளியில் ஒரு சாதியார் தங்களுக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். பஸ், ஜீப் எதுவும் இல்லை.

"இப்ப போவாதடா. மரத்த வெட்டி ரோட்டுல சாச்சி வெச்சிருக்காங்களாம். போலீசு சுடுதாம்" என்றார் வேடியப்பன்.

"போவலன்னா இடம் போயிடும்பா."

காட்டு வழியாக இறங்கி, சங்கராபுரம் தாண்டி, மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் நடந்தே வந்தான். சாலை முழுக்கப் புளியமரங்கள் கிளையோடு சாய்ந்து கிடந்தன. ஆலைக்குப் போகவேண்டிய கரும்பு வண்டிகளில் காய்ந்துகொண்டிருந்தது. மறியலில் நின்றவர்கள் அவனை மடக்கினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன், "டேய் தர்மா!" என்று ஓடிவந்தான். அறிவுச்செல்வன். கரும்பு விவசாயி மகன். கல்லூரி விடுதியில் தர்மனோடு ஒரே அறையில் இருந்தவன்.

தர்மன் விஷயத்தைச் சொன்னதும் அறிவுச்செல்வன் சிரித்தான். அதில் சந்தோஷம் இல்லை.

"வேலைக்கு மனு போட்டுக்கினே கீறேன். ஒரு இன்டர்வியூ வரல. ஒன்ன கம்ப்யூட்டரு கூப்புடுது."

"அது மலைக்காரங்க ஒதுக்கீட்டுல வந்தது இல்ல. பொதுப் பரீட்ச வெச்சிக் குடுத்ததுடா."

"ஒனக்குக் குடுத்தது தப்புன்னு நான் சொல்லல. எனக்கு ஒண்ணுமே இல்லன்றேன்." சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். "ஏறு. ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுடறேன். அங்கேர்ந்து திருவண்ணாமலைக்கு எப்படியாச்சும் போயிடு."

பாலத்தை நெருங்கும்போது போலீஸ் வேன் எதிரே வந்து நின்றது. அறிவுச்செல்வன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குள் பாய்ந்தான். தர்மன் ஓடவில்லை. தான் ஒரு தப்பும் செய்யவில்லையே என்று நின்றான். நின்றவன்மேல் லத்தி விழுந்தது.

"நான் மறியலுக்கு வந்தவன் இல்ல சார். ஆராய்ச்சி மாணவன்."

"ஆராய்ச்சிக்குத்தான் மரத்த வெட்டினியா?"

பிடித்தவர்களையெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மணிக்கட்டு வீங்கி, சாம்பார் சோற்றை இடக்கையால் தின்றுகொண்டிருந்தபோது அந்தத் திங்கட்கிழமை போயிற்று. மறியல் ஓய்ந்த பிறகுதான் வெளியே விட்டார்கள். மண்டபத்துக்கு எதிரே டீக்கடை திறந்திருந்தது. எல்லோரும் டீ குடித்தார்கள். தர்மன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான்.

சென்னைக்குக் கட்டோடு போனவனை அவனுடைய பேராசிரியர் கண்ணாயிரம் உட்காரச் சொன்னார்.

"வேலை நிக்கக் கூடாது இல்லையா? அவங்ககிட்டப் பேசி, உன் இடத்துக்கு ஜெயசுதாவை அனுப்பிட்டேன். நல்லவேளை, உன் டேப் அங்கேயே இருந்தது."

"சார், அது என் கணக்கு."

"லேபோட கணக்குப்பா. உனக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்."

ஜெயசுதா அவனுக்கு அடுத்துச் சேர்ந்த மாணவி. மூன்று மாதம் கழித்துக் கணக்கு முடிந்து திரும்பினாள். கட்டுரை வெளிவந்தது. அதில் பேராசிரியர் பெயரும் அவள் பெயரும் இருந்தன.

"உங்க பேரையும் போட்டுத்தான் எழுதினேங்க. சார்தான் அதை அடிச்சிட்டாரு" என்றாள். தர்மனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அடுத்த வருஷம் பெங்களூர் இடம் வேறு ஊர்க்காரனுக்குப் போனது. புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கினான் தர்மன். பாதியில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. அறையைக் காலிசெய்து ஊர் திரும்பினான். மலையில் அரசுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பையன் பக்கத்திலேயே இருக்கிறான் என்று வேடியப்பனுக்கு மட்டும் ஒரே மகிழ்ச்சி. அவர் மகிழ்ச்சியைப் பார்க்கப் பார்க்கத் தர்மனுக்கு எரிச்சலாக வந்தது. அப்படி எரிச்சல்படுகிறோமே என்று தன்மேலும் எரிச்சல்பட்டான்.

இட ஒதுக்கீடு வந்தபின் ஒருநாள் அறிவுச்செல்வன் ஸ்வீட் பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தான். தாலுகா ஆபீசில் வேலை கிடைத்திருந்தது.

"மறியல்ல செத்தவங்க புண்ணியத்துல வந்ததுடா" என்று கண்கலங்கினான். பிறகு கேட்டான்: "ஆமா, பெங்களூரு எப்படி இருந்துச்சு?"

"நான் போவவே இல்ல."

"நீ பாலத்தத் தாண்டிட்டன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

நடந்ததைத் தர்மன் சொன்னான். அறிவுச்செல்வன் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். தர்மன் ஒரு லட்டை எடுத்துத் தின்றான். நண்பனுக்கு வேலை கிடைத்ததில் அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த லட்டை விழுங்குவதற்கு அவன் பானையில் தண்ணீர் மொள்ள வேண்டியிருந்தது.