சாக்குத் தூளி

கடலைச் சாக்கின் வாடை அடித்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மகள் உட்கார்ந்து கோணி ஊசியால் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, "தூளிய சீக்கிரம் தை, நாளைக்கு கேம்ப்" என்றான்.



ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், விக்கிரமங்கலத்தில் என் பிறந்த வீட்டில் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் சாரணர் படை அரும்பாவூர்ப் பக்கம் காட்டுக்குப் போகிறது. பாம்புக்குப் பயந்து மரத்தில் தூளி கட்டித் தூங்க வேண்டுமாம். யுத்த காலம், துணி கிடைக்காது. காலிச் சாக்குகளைப் பிரித்து மூட்டி, மடித்துத் தைத்த ஓரத்தில் பழைய கிணற்றுக் கயிற்றை நுழைத்தேன். விரலெல்லாம் ரத்தம். தாங்குமா என்று பார்க்க, வேப்பமரத்தில் கட்டி ஏறிப் படுத்தேன்.

"எறங்குடி. வயசுக்கு வரப்போற புள்ள தூளியில தொங்கறதாவது?" அம்மா காலைப் பிடித்து இழுத்தாள்.

முகாமில் தானே தைத்ததாகச் சொல்லி, சட்டையில் பதக்கத்தோடு வந்தான் அண்ணன். அம்மா அவனுக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

"நான்தானே தெச்சேன்" என்றேன்.

"ஆம்பளப் புள்ள பேரு வாங்கிட்டு வந்திருக்கான், வாய மூடு" என்றார் அப்பா. மூடிக்கொண்டேன்.

இன்றைக்கு மூடவில்லை. மகளிடமிருந்து ஊசியைப் பிடுங்கி மகன் கையில் திணித்தேன்.

"எனக்குத் தைக்கத் தெரியாதும்மா."

"குத்தும். குத்தக் குத்தத் தெரியும். முடிச்சதும் மொதல்ல அக்காதான் படுத்துப் பாப்பா."