செல்லூர் சந்தில் திரும்பாத ஸ்ட்ரெச்சர்

இன்று காலை செல்லூரில் எங்கள் முதலுதவிக் குழுவுக்கு ஒத்திகை. சண்டைக் காலம். குண்டு விழுந்தால் காயம்பட்டவர்களை எப்படித் தூக்கி வருவது என்று பத்து நாளாகத் திட்டம் போட்டிருந்தோம். கம்பவுண்டரான நான்தான் குழுத் தலைவன்.

தபால்காரர் சின்னச்சாமி காயம்பட்டவராக ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டார். நாலு பேர் தூக்கினோம். மூன்றாவது சந்தின் முக்கில் ஸ்ட்ரெச்சர் திரும்பவே இல்லை.

"அண்ணே, எறக்கி விடுங்க. நானே நடந்து போறேன்" என்றார் காயம்பட்டவர். தெருவே சிரித்தது.

நெசவு செய்யும் பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"போன வெள்ளத்துல செவரு விழுந்து எங்க வீட்டுக்காரரைக் கட்டிலோட தூக்கியாந்தாக. இதே முக்குலதான் நின்னுபோச்சு. அம்புட்டு நேரம் அவரு தாங்கலண்ணே."

ஸ்ட்ரெச்சரைக் கீழே இறக்கி வைத்தோம்.

பேச்சியம்மாள் வீட்டுக்குள் போய் ஒரு ஜமுக்காளத்தை எடுத்துவந்து விரித்தார். "ஆளுக்கொரு மூலையைப் பிடிங்க. தலைமாட்டுக்கு நான் வாரேன்."

சின்னச்சாமி ஜமுக்காளத்தில் படுத்தபடியே அலுங்காமல் முக்கைத் தாண்டினார். எலும்பு முறிந்திருந்தால் முதலில் மட்டை வைத்துக் கட்டிவிட்டுத் தூக்குவது என்றும் அங்கேயே முடிவு செய்தோம்.

குழுப் பட்டியலில் பேச்சியம்மாள் பெயரை என் பெயருக்கு மேலே எழுதிவிட்டேன். இனி எந்தச் சந்தானாலும் எங்களால் முடியும்.

வாசகசாலைப் பலகையில் இதைப் படிக்கிறவர்கள், உங்கள் தெருவில் குறுகலான முக்கு எது என்று கீழே எழுதுங்கள். "எங்க தெரு அகலந்தான்" என்று ரோசப்படுகிறவர்கள் வீட்டுக்கு ஸ்ட்ரெச்சரோடு நேரில் வருவோம்.