மூடிய பள்ளங்கள்

காலை பத்து இருபதுக்குப் பிணவறையில் நான் முதலில் பார்த்தது அவருடைய கட்டைவிரலை. திறந்திருந்த மண்டைக்குள் மூளையின் மடிப்புகள் மேல் அது மெல்ல நகர்ந்தது. மண்டையைத் திறந்து தரும் ஊழியர் அவர். கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். இப்படித் தடவிப் பார்க்காமல் எந்த மூளையையும் டாக்டரிடம் கொடுக்க மாட்டார்.

டாக்டருக்குக் குறிப்பெடுக்கும் நான், போலீஸ் சொன்னபடி, கிரிவலப் பாதையில் வாகனம் மோதி, அந்த இடத்திலேயே மரணம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"போலீஸ கேட்டு எழுதாதீங்க சார், இவரு மூளைய கேளுங்க. ஒடனே உசுரு போயிருந்தா மடிப்புக்கு நடுவுல பள்ளம் பள்ளமா இருக்கும். இது வீங்கி, பள்ளமே மூடிக்கிச்சு. ரொம்ப நேரம் உசுரோட கெடந்துருக்காரு."

"யாருமே பாக்கலையா?"

"பௌர்ணமி கூட்டத்துல பாக்காமயா? காவி வேட்டி. சாமியாரு தூங்குறாருனு போயிருப்பாங்க."

முந்தைய இரவு நானும் கிரிவலம் போயிருந்தேன். சாலையோரம் காவி வேட்டியில் படுத்திருந்த ஒருவரை மிதித்துவிடாமல் விலகி நடந்தேன்.